டாவின்சியா, பிக்காசோவா?

கேள்வி: எல்லாக் காலத்துக்கும் மிகச்சிறந்த ஓவியர் டாவின்சியா, பிக்காசோவா? வீட்டில் இதை வைத்து ஓயாத சண்டை.
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டு பேரும் இல்லை, என் ஓட்டு பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டுக்குத்தான். டாவின்சி மாமேதை, சரி, ஆனால் அவர் வரைந்ததாக உறுதியாகச் சொல்லக்கூடிய ஓவியங்கள் இருபதுகூடத் தேறாது. பிக்காசோவின் 'கெர்னிகா' முன்னால் யாரும் வாயடைத்துப் போவார்கள், ஆனாலும் மனித முகம் என்று வந்துவிட்டால் ரெம்பிராண்ட்டை நெருங்க ஆள் கிடையாது. 1656-ல் திவாலாகி, வீடும் சேர்த்துவைத்த கலைப்பொருட்களும் ஏலத்துக்குப் போன பிறகு அவர் தன்னையே வரைந்த படங்களைப் பாருங்கள்: உப்பிய மூக்கு, தொங்கும் கன்னம், களைத்த கண், எதையும் மறைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் 'யூத மணப்பெண்' படத்தில் அந்த ஆணின் சட்டைக்கையைக் கிட்டே போய்ப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக அப்பிய மஞ்சள் சாயம்தான் தெரியும், நாலடி பின்னால் வந்தால் அதுவே பளபளக்கும் பட்டுத்துணி. அந்தப் படத்தின் முன்னால் காய்ந்த ரொட்டியோடு இரண்டு வாரம் உட்கார விட்டால் ஆயுளில் பத்து வருஷத்தைக் கொடுத்துவிடுவேன் என்று வான் கோ சொன்னதாக அவருடைய நண்பர் எழுதியிருக்கிறார். அப்புறம், உங்கள் வீட்டில் யாராவது ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் பெயரை எடுத்தால் மட்டும் நான் கொஞ்சம் யோசிப்பேன், அவருடைய 'லாஸ் மெனினாஸ்' அப்படிப்பட்ட படம்.