ரெண்டு சுத்தியல், ஒரு ஆணி

கேள்வி: ஸ்காட்லாந்துல போர்ட் கிளாஸ்கோங்கிற ஊர்ல ரெண்டு ராட்சச சிலை சுத்தியலோட நிக்கிற போட்டோ பார்த்தேன், யாருங்க அவங்க?

பதில்: ராஜாவும் இல்ல தலைவரும் இல்லங்க, கப்பல் கட்டுன தொழிலாளிங்க. ஜான் மெக்கென்னா செஞ்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிலை, 10 மீட்டர் உயரம், 2022ல நிறுத்துனாங்க. வெல்டிங் வர்றதுக்கு முன்னாடி கப்பலோட இரும்புத் தகடுகளைச் சேர்க்கிறது எல்லாமே ரிவெட்ங்கிற ஆணியாலதான், ஒரு பையன் உலைல ஆணிய பழுக்கக் காய்ச்சிக் குடுப்பான், தகட்டுக்குப் பின்னாடி ஒருத்தர் அழுத்திப் பிடிச்சுக்குவார், முன்னாடி ரெண்டு பேர் மாத்தி மாத்தி அடிப்பாங்க, சூடு ஆறுறதுக்குள்ள முடிச்சாகணும். அந்தச் சத்தத்துலயே நிறைய பேருக்குக் காது போச்சு. அடிச்சவங்க பேரு எந்தக் கப்பல்லயும் இல்லயே, அதனாலயே எனக்கு இந்தச் சிலை அவ்ளோ பிடிக்கும். 1812ல காமெட் நீராவிக் கப்பலைக் கட்டுன ஊருங்க அது.