சதை துடிக்கிறது, பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு மாதமாக இடது கண்ணின் கீழ் இமை துடிக்கிறது. அது நின்றால் கெண்டைக்கால் சதை, சில நாள் கட்டைவிரலின் அடிச்சதை. வலி இல்லை. ராத்திரி படுத்தால்தான் அதிகம். இன்டர்நெட்டில் தேடியதில் மோட்டார் நியூரான் நோய் என்று வந்தது. அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. டீ, காபி ஆறேழு முறை ஆகிவிடும். வீசிங் இருப்பதால் தினமும் பஃப் இழுக்கிறேன். இது நரம்புத் தளர்ச்சியா? என்ன டெஸ்ட் எடுப்பது?

பதில்: நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முதலில் நிம்மதி தந்தது. கையிலோ காலிலோ பலம் குறைந்ததாக எங்கும் சொல்லவில்லை.

ஒரு நரம்பு இழை, நுனியில் கிளை பிரிந்து, பல தசை நார்களை இயக்குகிறது. கெண்டைக்காலில் ஒரே இழையின் பிடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்கள் இருக்கும். மூளை சொல்லாமலே அந்த இழை தானாக ஒருமுறை தூண்டப்பட்டால், அத்தனை நார்களும் சேர்ந்து துள்ளும். அடுப்பை அணைத்த பிறகும் சட்டியில் ஒன்றிரண்டு கடுகு வெடிப்பதில்லையா, அப்படித்தான். இமையின் தோல் மெல்லியது என்பதால், ஊரே பார்ப்பது போலத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. (ஆணுக்கு இடது கண் துடித்தால் ஆகாது என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் கவலையும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் துடிக்கும்!)

தூக்கக் குறைவு, காபி, டீ, மது, மனப் பதற்றம், கடும் உடல் உழைப்பு எல்லாமே நரம்பு நுனியை எளிதில் உசுப்பிவிடும். ஆனால் நான் முதலில் பிடித்துக்கொள்வது உங்கள் பஃபைத்தான். அது நீல நிற சால்பியூட்டமால் பஃபாக இருந்தால், கை நடுக்கம், படபடப்பு, தசைப்பிடிப்பு எல்லாம் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். அடிக்கடி இழுத்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் குறையலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த பஃப் தினமும் தேவைப்படுகிறது என்றால் வீசிங் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். வராமல் தடுக்கிற பஃபை முறையாகத் தொடங்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். துடிப்பைவிட எனக்குக் கவலை இதில்தான்.

சரி, மோட்டார் நியூரான் நோய்க்கு வருவோம். அதில் நரம்பு செல்கள் அழிவதால் தசை மெலிகிறது. துடிப்பு அதன் கூடவே வருவது. நோயாளிகள் பெரும்பாலும் துடிப்பைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சட்டைப் பட்டன் போட முடியவில்லை, பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை, செருப்பு காலிலிருந்து நழுவுகிறது, பேச்சு குழறுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்று வருவார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், பலவீனம் இல்லாமல் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் பத்தடி, பிறகு குதிகாலில் பத்தடி நடந்து பாருங்கள். இரண்டு கால்களும் ஒரே மாதிரி ஒத்துழைத்தால் போதும். ஒருமுறை பாருங்கள், போதும். தினமும் சதையை அமுக்கிப் பார்ப்பதும் டேப் வைத்து அளப்பதும் வேண்டாம். மருத்துவ மாணவர்களிடமே இந்தப் பழக்கம் உண்டு, பாடத்தில் அந்த நோயைப் படித்த வாரத்தில்!

நரம்புத் தளர்ச்சி என்று மருத்துவத்தில் தனியாக ஒரு நோய் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சத்து மாத்திரையும் ஊசியும், பி12 குறைவு இல்லாதவருக்கு இந்தத் துடிப்பை நிறுத்தாது. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், தைராய்டு ஆகிய ரத்தப் பரிசோதனைகள் இப்போதைக்குப் போதும். சைவம் சாப்பிடுபவர் என்றால் பி12-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் பிரியும் மாத்திரையோ, வருடக்கணக்கில் பான்டோபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரையோ சாப்பிடும் மற்ற வாசகர்கள் மக்னீசியத்தை மறக்க வேண்டாம். காபி, டீயை இரண்டு வேளைக்குக் குறையுங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், படிப்படியாகக் குறையுங்கள்.

கண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இமையோடு நிற்காமல் அதே பக்கக் கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுத்தால், அது வேறு. முக நரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால் பெரும்பாலும் அப்படி வரும். போட்டாக்ஸ் ஊசியிலேயே நன்றாக அடங்கும். அந்த இழுப்போ, நான் மேலே சொன்ன பலவீனமோ, ஒரு பக்கம் மட்டும் சதை மெலிவதோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அவர் அறைக்குள் போனதும் துடிப்பு நின்றுவிடும், அது வழக்கம்தான். அதனால் துடிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பஃபையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள்.