ஆர்ட்ஸ் மாணவருக்குக் கோடிங் வருமா? – கடிதம்

வணக்கம்.

நான் வடசென்னையில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். வீடு கொருக்குப்பேட்டை. என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லில் வேலை பார்த்தவர். அவரும் அவர் கூட்டாளிகளும் மில்லைப் பற்றிச் சொன்னதையெல்லாம் போனில் பதிவு செய்து, பாதியை எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு வெப்சைட்டாகப் போட ஆசை. இன்ஜினியரிங் படித்த அண்ணன், "ஆர்ட்ஸ் படிச்சவங்களுக்கு கோடிங்லாம் வராது, யார்கிட்டயாவது காசு கொடுத்து செஞ்சுக்கோ" என்கிறான். பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் நான் கட்ட முடியாத ஃபீஸ் சொல்கிறார்கள். எனக்குக் கணக்கும் வராது. ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யத்தான் இடமில்லை. நான் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கே தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

முடியும். காசு கொடுத்து வேறு ஆளிடம் விட வேண்டாம் என்றும் சொல்வேன்.

கணக்கு பயத்தை முதலில் விடுங்கள். உங்கள் வேலைக்கு எச்டிஎம்எல்லும் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும் போதும், இரண்டிலும் கணக்கு என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. எச்டிஎம்எல்லில் நாம் செய்வதெல்லாம் ஒரு எழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு இது தலைப்பு, இது பத்தி, இது ஒருவர் சொன்ன மேற்கோள், இதைத் தொட்டால் அடிக்குறிப்புக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் குறி போடுவதுதான். ஒரு ஆவணத்தில் யார் பேசுகிறார், அவர் பேச்சு எங்கே முடிந்து எழுதியவரின் விளக்கம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்களே, அதே கண் இங்கேயும் வேலை செய்யும். டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் செர்ன் ஆய்வகத்தில் வேர்ல்ட் வைட் வெப்பை முன்மொழிந்ததே சிதறிக் கிடந்த ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கத்தான். அதற்கும் நாற்பது வருடம் முன்னால், 1949இல், ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார் தாமஸ் அக்குவினாஸ் என்ற இடைக்கால இறையியலாளரின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு தயாரிக்க ஐபிஎம் நிறுவனத்திடம் போய் உதவி கேட்டார். இலக்கிய, வரலாற்றுப் பிரதிகளுக்கு எப்படிக் குறி போடுவது என்று டிஇஐ என்ற பெயரில் ஒரு தனி நெறிமுறையே 1987 முதல் வளர்ந்து வருகிறது. ஆர்ட்ஸ்காரர்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள் இல்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

வேறு ஆளிடம் விட வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? உங்கள் தாத்தா 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார், பெரம்பூர் மில் ஆட்கள் யாரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. அதையும் 1918இல் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனின் முதல் நாட்களையும் அவர் தன் அப்பாவிடமோ பழைய ஆட்களிடமோ கேட்டிருப்பார், கண்ணால் பார்த்திருக்க முடியாது. 1996இல் மில் மூடியதை அவரே பார்த்தார். இரண்டையும் ஒரே மாதிரி எழுத்தில், ஒரே மாதிரி பத்தியில் போட்டால் படிப்பவருக்குக் கண்டது எது, கேட்டது எது என்று தெரியாமல் போகும், அப்படிப் போனால் ஒரு வரலாற்று மாணவர் இவ்வளவு உழைத்ததற்கு அர்த்தமே இல்லை. எச்டிஎம்எல்லில் ஒவ்வொரு பத்திக்கும் கிளாஸ் என்று ஒரு அடையாளம் கொடுக்கலாம். அதற்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். சில பத்திகளுக்கு 'கண்டது' என்றும் சிலவற்றுக்குக் 'கேட்டது' என்றும் கொடுத்துவிட்டு, சிஎஸ்எஸ்ஸில் 'கேட்டது' எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் ஒரு கோடு வரட்டும் என்று ஒரே ஒரு விதி எழுதினால் முடிந்தது, பக்கம் முழுக்க அந்த வேறுபாடு தெரியும். காசு வாங்கிக்கொண்டு செய்பவருக்கு இதைச் செய்யத் தோன்றாது. அவர் மேல் தப்பு இல்லை, அவர் அந்தப் பதிவுகளைக் கேட்டதே இல்லையே.

சரி, தொடக்கம். நோட்பேடைத் திறந்து ஒரே ஒரு பேட்டியை மட்டும் எடுங்கள், முழு சைட்டையும் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஃபைலுக்கு இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று பெயர் வைத்துச் சேமித்து பிரவுசரில் திறந்தால் அதுதான் உங்கள் முதல் வெப் பக்கம், இதற்கு நெட்கூடத் தேவையில்லை. டேக் எனப்படும் இந்தக் குறிகளைப் பற்றி மோசில்லாவின் எம்டிஎன் தளத்தில் விரிவாக இருக்கிறது, ஃப்ரீகோட்கேம்ப்பில் செய்து பார்த்தே கற்கலாம், தமிழில் வேண்டுமென்றால் கணியம் அறக்கட்டளையின் மின்னூல்கள் இருக்கின்றன. எல்லாமே இலவசம். வீட்டில் இடமில்லை என்றால் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, அங்கே லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை செய்யலாம். ஜாவாஸ்கிரிப்ட் இப்போதைக்கு வேண்டாம். ஏஐயிடம் கேட்டால் முழு கோடையும் எழுதிக் கொடுக்கும்தான், ஆனால் அது கொடுத்ததில் எந்த வரி என்ன செய்கிறது என்று படிக்கத் தெரிந்த பிறகு அங்கே போங்கள்.

தமிழில் பக்கம் போடும்போது வரும் சிக்கல்களை ஆங்கிலப் பாடங்கள் சொல்லித் தருவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பக்கத்தின் தலையில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் சில இடங்களில் தாத்தாவின் பேச்சு புரியாத குறிகளாக வந்து நிற்கும். மொழி தமிழ் என்று குறிக்க லாங் (lang) என்ற இடத்தில் 'டிஏ' (ta) என்று கொடுங்கள், பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள்களுக்கு அது தேவை. யூனியன் மலர் ஏதாவது கிடைத்து, அது டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலாக இருந்தால் முதலில் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கூகுளில் தமிழில் தேடுகிற ஒருவருக்கும் அது அகப்படாது. சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டாது, பிரவுசர் எழுத்தைச் சும்மா சாய்த்துவிடும், பார்க்க நன்றாக இருக்காது. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தே போதும். இரண்டு ஓரமும் நேராக வரட்டும் என்று ஜஸ்டிஃபை செய்யாதீர்கள், நம் சொற்கள் நீளம் என்பதால் போன் திரையில் வரிக்கு வரி பெரிய ஓட்டை விழும். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள், மேலும் கீழும் கொம்பும் சுழியும் உள்ள எழுத்து நம்முடையது. அப்புறம் பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்றபடி காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரியை மறக்கக் கூடாது. உங்கள் தெருவில் எல்லோரும் போனில்தான் பார்ப்பார்கள், அந்த வரி இல்லையென்றால் பக்கம் முழுவதும் குறுகிப் பொடி எழுத்தாகத் தெரியும். போட்டோக்களையும் அளவு குறைத்தே போடுங்கள், பிரீபெய்டு டேட்டாவில் பார்ப்பவர்களை நினைத்து.

தயாரானதும் கிட்ஹப் பேஜஸ் என்ற தளத்தில் இலவசமாக ஏற்றலாம். ஃபைல் பெயர்களை ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸ் லேப்டாப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது, கிட்ஹப் பொருட்படுத்தும், அதனால் வீட்டில் தெரிந்த போட்டோ ஏற்றியதும் காணாமல் போகும். திருத்திய ஆடியோவை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் வைத்துவிட்டு இங்கிருந்து இணைப்புக் கொடுங்கள்.

ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, என்னைக் கேட்டால் கோடிங்கைவிட இதுதான் முக்கியம். பேசியவர்கள் எல்லோரிடமும் மறுபடி போய்க் கேளுங்கள். பேரனோ பேத்தியோ வயதில் ஒரு பிள்ளை போனை நீட்டியதும் மனம்விட்டுப் பேசியிருப்பார்கள். யூனியனுக்குள் நடந்த சண்டை, கடன், சாதி, மேஸ்திரியின் பெயர் எல்லாம் அதில் வந்திருக்கும். யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் படிக்கலாம் என்பதை அவர்களுக்கே போனில் திறந்து காட்டிச் சொல்லுங்கள். பெயரை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், ஒரு பகுதி வேண்டாம் என்றால் அந்தப் பகுதி வேண்டாம். இதை ஏற்றுவதற்கு முன்பே செய்தாக வேண்டும், ஏனென்றால் கிட்ஹப்பில் ஒன்றை நீக்கினாலும் முந்தைய வடிவம் அதன் வரலாற்றில் இருக்கும், தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். திருத்தாத மூலப் பதிவுகள் உங்கள் லேப்டாப்பிலும் ஒரு பென்டிரைவிலும் மட்டும் இருக்கட்டும்.

முதல் பேட்டியை ஏற்றியதும் இணைப்பை எனக்கு அனுப்புங்கள். தமிழ் எழுத்து எங்காவது உடைந்திருந்தால், எந்த போனில் எந்த பிரவுசரில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அது தெரிந்தால்தான் காரணத்தைச் சொல்ல முடியும்.

அன்புடன்