மூச்சை எண்ணத் தெரிந்தால்: சுவாசப் பராமரிப்பு குறித்த கேள்வி பதில்

வேலூரில் செவிலியராகவும், பின்னர் செவிலிய மாணவியருக்கு ஆசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சுவாச உறுப்புகள் பற்றியும், மூச்சுத் திணறல் உள்ளவர்களைக் கவனிப்பது பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செவிலிய மாணவி, குடியாத்தம்: அம்மா, வார்டில் மூச்சை முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்கிறோம். முழு நிமிடமும் எண்ண வேண்டும் என்பது தேர்வுக்காகச் சொல்வதுதானே?

சீராக மூச்சு விடும் பெரியவருக்கு உங்கள் கணக்கு பெரும்பாலும் பொருந்திவிடும். ஆனால் மூச்சு சீராக இருக்கிறதா என்பதே எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரியும். பச்சிளம் குழந்தைகள் வேகமாக மூச்சு விட்டு, சில நொடிகள் நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள் என்பதால், அரை நிமிடக் கணக்கு அவர்களிடம் தவறாகிவிடும். நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் ஓர் இரவு முழுவதும் வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே எழுதப்பட்டிருந்தது. அவர்களில் ஒருவர் விடிவதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நாடிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. மூச்சுக்குப் பல வார்டுகளில் நம் கண்தான் கருவி, ஆகவே முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

எண்ணிக்கையோடு ஆழத்தையும் பாருங்கள். சாதாரணமாக ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லி காற்றை இழுக்கிறோம். அதில் சுமார் 150 மில்லி, மூக்கு முதல் மூச்சுக் கிளைக்குழாய்கள் வரையிலான வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் இரத்தத்தில் சேரும் இடமான, நுரையீரலின் நுண்காற்றுப்பைகளை எட்டாத அந்தப் பங்கினால் இரத்தத்துக்குப் பயனில்லை. நிமிடத்துக்கு 20 முறை, 500 மில்லி வீதம் இழுப்பவருக்கு மொத்தம் 10 லிட்டர். 40 முறை, 250 மில்லி வீதம் மேலோட்டமாக இழுப்பவருக்கும் அதே 10 லிட்டர்தான். ஆனால் முன்னவரின் நுண்காற்றுப்பைகளுக்கு 7 லிட்டர் போய்ச் சேர்கிறது, பின்னவருக்கு 4 லிட்டர் மட்டுமே. பின்னவர் கடுமையாக உழைத்தும் பசியோடு இருப்பவரைப் போன்றவர். சற்று நேரத்தில் களைத்துப்போவார்.

ஒன்று சொல்ல மறந்தேன். எண்ணப் போவதாக நோயாளியிடம் அறிவித்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டை விடாமல், நெஞ்சைக் கவனித்து எண்ணுங்கள்.

ஒரு தாய், ஆம்பூர்: மூன்று வயது மகன் மல்லாட்டை (வேர்க்கடலை) தின்றுகொண்டிருந்தபோது புரையேறிக் கடுமையாக இருமினான். பிறகு சரியாகிவிட்டான். இரண்டு நாட்களாக இரவில் இழுப்பு போல் சத்தம் வருகிறது. சளிமருந்து கொடுக்கலாமா?

கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், மல்லாட்டை தின்றபோது புரையேறியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம் வீடுகளில் தலையைத் தட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். வலது மூச்சுக் கிளைக்குழாய் இடதைவிட அகலமானது, குட்டையானது, நேராகக் கீழிறங்குவது. ஆகவே தவறி உள்ளே போகும் பொருள் பெரும்பாலும் வலப்பக்கம் சிக்கும். இருமல் அடங்கியதால் பருப்பு வெளியேறிவிட்டது என்று பொருளில்லை. எக்ஸ்ரேயில் மல்லாட்டைப் பருப்பு நேரடியாகத் தெரியாமலும் போகலாம், எனவே படம் நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் குழாய்நோக்கி (பிராங்கோஸ்கோப்) தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். போகும் வழியில் மூச்சு மேலும் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு என்று உலகச் சுகாதார நிறுவனம் கொள்கிறது. இதை வீட்டிலும் எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு மகன், ஆரணி: நெடுங்காலம் பீடி புகைத்த அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வீட்டில் ஆக்சிஜன் கருவி இருக்கிறது. விரலில் மாட்டும் கருவியில் இரத்த ஆக்சிஜன் அளவு 89 விழுக்காடு காட்டியதால், நிமிடத்துக்கு 2 லிட்டராக இருந்த ஆக்சிஜனை 5 ஆக உயர்த்தினேன். 97 ஆனது, ஆனால் அவர் தூங்கிக்கொண்டே இருக்கிறார். நல்லதுதானே?

ஐயா, நல்லதில்லை. இது கார்பன் டை ஆக்சைடு தேங்கிய மயக்கமாக இருக்கக்கூடும். அவரை எழுப்பிப் பாருங்கள். குழறினாலோ, எழுப்பியும் மறுபடி சரிந்தாலோ உடனே 108. ஆக்சிஜனை முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் எழுதிய அளவுக்குக் குறைத்துவிட்டு, அவரோடு பேசுங்கள்.

இந்த நோயாளிகளுக்குப் பொதுவாக 88 முதல் 92 விழுக்காடு வரையே இலக்கு. காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளில் இரத்தக் குழாய்கள் தாமாகச் சுருங்கி, நல்ல பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பி வைத்திருக்கும். ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டால் அந்தச் சுருக்கம் தளர்ந்து, இரத்தம் கெட்ட பகுதிகளுக்குள் வீணாகப் பாய்கிறது. ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினும் கார்பன் டை ஆக்சைடைக் குறைவாகவே சுமக்கிறது. மூச்சைத் தூண்டும் உந்துதலும் ஓரளவு தணிகிறது. இம்மூன்றும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடைத் தேக்கி, உங்கள் அப்பாவைத் தூங்க வைத்திருக்கக்கூடும். விரல் கருவி கார்பன் டை ஆக்சைடை அளப்பதில்லை. 97 என்ற எண் உங்களுக்கு நிம்மதி தந்த அதே நேரத்தில் அவர் மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணியிருந்தால் சந்தேகம் முன்பே வந்திருக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், ஆற்காடு: மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துள்ள கருவியில் எவ்வளவு ஊதியும் பந்து எழவில்லை.

ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். முதலில் மூச்சை வெளியே விட்டு, வாயை இறுகப் பொருத்தி மெதுவாக இழுத்து, சில நொடிகள் பிடித்து விடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை, சுமார் பத்து தடவை. தையல் வலித்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளலாம்.

வார்டு செவிலியர், காட்பாடி: மூச்சு விடுவதற்காகக் கழுத்து வழியே மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் வைத்தவருக்குச் சளி உறிஞ்சும்போது ஆக்சிஜன் அளவு இறங்கிவிடுகிறது.

உறிகுழாய் சளியோடு காற்றையும் இழுக்கிறது, அதனால்தான். முன்னரும் பின்னரும் ஆக்சிஜன் கொடுங்கள். குழாயை உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாமல், வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கள். 10 முதல் 15 நொடிக்கு மேல் வேண்டாம். நான் மாணவியருக்குச் சொல்வது: குழாய் உள்ளே போகும்போது நீங்களும் மூச்சை அடக்குங்கள், உங்களுக்குத் திணறும்போது அவருக்கு என்ன ஆகும் என்று புரியும். மணிக்கணக்கு வைத்து உறிஞ்சுவதைவிட, கரகரப்பு கேட்கும்போது உறிஞ்சுவதே முறை.

மருமகள், வாலாஜாபேட்டை: பக்கவாதம் வந்த மாமியாருக்குப் படுத்த நிலையில் கஞ்சி ஊட்டுகிறேன். ஒவ்வொரு வாய்க்கும் இருமுகிறார்.

ஒவ்வொரு வாய்க்கும் இருமல் என்றால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போகிறது என்றே கொள்ளுங்கள். இப்போதைக்கு வாய்வழி ஊட்டுவதை நிறுத்திவிட்டு, விழுங்கும் திறனைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அவர் அனுமதித்த பிறகு, நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியில், ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பின்னரே அடுத்ததைக் கொடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். பல்லும் நாக்கும் தினமும் துலக்கப்பட வேண்டும், ஏனெனில் வாயின் அழுக்கே நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறுகிறது. இனி இருமலே இல்லாமல் குரல் ஈரமாகக் கரகரத்தாலும் கவனியுங்கள். சிலருக்கு இருமும் சக்தியே போயிருக்கும்.