மருமகளின் தட்டு எங்கே?

கேள்வி: எனக்கு 58 வயது. இந்துக் குடும்பத்தில் பிறந்த என் மருமகள் திருமணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். எங்கள் சபையில் பெண்கள் நகை அணிவதில்லை. அவளோ தன் அம்மா போட்டுவிட்ட கம்மலைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். "கிருபையினாலே இரட்சிப்பு, நியாயப்பிரமாணத்தினால், அதாவது மோசேயின் சட்டத்தினால் அல்ல என்று பைபிளில் பவுல் சொல்கிறாரே, அத்தை" என்பது அவள் வாதம். கிரியையில்லாத (செயலில்லாத) விசுவாசம் செத்தது என்று அதே பைபிளில் யாக்கோபு சொல்வதை நான் எடுத்துக்காட்டினேன். மற்றபடி வீட்டில் சண்டை இல்லை. சபையை நடத்தும் மூப்பர்கள் சாப்பிட வரும் நாளில் மட்டும் அவள் சமையலறையிலேயே சாப்பிட்டுக்கொள்வாள். பவுல் சொல்வதை எடுத்துக்கொள்வதா, யாக்கோபு சொல்வதையா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். கம்மலைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டு பக்கம். சமையலறையைப் பற்றி ஒரே வரி. என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. "சாப்பிட்டுக்கொள்வாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அவளாகவா போய் உட்கார்ந்தாள்? மற்ற நாளெல்லாம் உங்களோடு மேசையில் சாப்பிடுகிறவளின் காது, அன்றைக்கு மட்டும் மூப்பர்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதுதானே காரணம்?

இது அந்தியோகியாவில் நடந்த கதை. இயேசுவின் சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வந்த ஊர் அது. அங்கே யூத விசுவாசிகளும் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். யூதர்களுக்கு அது லேசான காரியமல்ல. உணவுச் சட்டத்தை மீறமாட்டோம் என்று உயிரையே கொடுத்த முன்னோர்களின் பிள்ளைகள் அவர்கள். இயேசுவின் சீடர் பேதுருவும் அந்தப் பந்தியில் சாப்பிட்டார். எருசலேமிலிருந்து அங்கத்திய சபைத் தலைவர் யாக்கோபின் தரப்பில் சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். அன்று அவர் எந்த உபதேசத்தையும் மறுத்துப் பேசியதாகப் பவுல் எழுதவில்லை. பந்தியை விட்டு விலகியதைத்தான் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார், பயத்தினால் விலகினார் என்றும் சேர்த்து எழுதுகிறார். எல்லார் முன்னிலையிலும் பவுல் அவரை முகமுகமாய்க் கண்டித்தார். நீங்களும் பயந்திருக்கிறீர்கள், அம்மா. அதற்கு யாக்கோபின் வசனத்தைப் போர்வையாக்காதீர்கள்.

அந்தப் பந்தியிலிருந்து பர்னபாவும் நழுவினார். ஒருவரும் பவுலை நம்பாத காலத்தில் கைபிடித்து அழைத்துப்போன நல்ல மனிதர் அவர். உங்கள் மகனைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. மனைவி அடுப்படியில் உட்கார்ந்திருக்க, அவர் மூப்பர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாரா? கைபிடித்துக் கூட்டிவந்தவர் செய்கிற காரியமா இது?

இனி யாக்கோபு. பவுலா யாக்கோபா என்ற வழக்கு பழையது. 1522-இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தரே யாக்கோபின் நிருபத்தை, அதாவது கடிதத்தை, வைக்கோல் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் காட்டிய வசனம் இருக்கும் அதே அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்குப் பாதபடியண்டையில் இடம் என்று பிரித்து உட்காரவைக்கிற சபையைத்தான் அவர் கண்டிக்கிறார். பசித்தவனிடம் "பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புவதைத்தான் செத்த விசுவாசம் என்கிறார். காதில் என்ன கிடக்கிறது என்று அவர் அங்கே கேட்கவே இல்லை. நகை வேண்டாம் என்பதற்கு 1 பேதுரு 3-ஆம் அதிகாரத்தைக் காட்டுவீர்கள். தலைமயிரைப் பின்னுவதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. பின்னலோடு சபைக்கு வருகிறவர்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

சபைக்கு ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பவுலையே பாருங்கள். தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு, அவர் வாழ்ந்த பகுதி யூதர்களை முன்னிட்டு, அவரே விருத்தசேதனம் (யூத முறைப்படி நுனித்தோலை நீக்குவது) பண்ணினார். இன்னொரு உடன் ஊழியர் தீத்துவுக்கும் அது வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. அன்பினால் ஒருவர் விட்டுக்கொடுப்பது வேறு, உள்ளே வருவதற்கு அதையே கூலியாகக் கேட்பது வேறு. உங்கள் மருமகள் ஒருநாள் உங்கள் மனம் நோகக் கூடாது என்று தானே கழற்றினால் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அது அவள் அம்மாவின் கையால் போட்டது. மேசையில் உட்காருவதற்கு விலையாக அதைக் கேட்க உங்களுக்கும் உரிமை இல்லை, மூப்பர்களுக்கும் இல்லை. விருந்தாளி வருகிறார் என்று வீட்டுப் பெண்ணை ஒளித்துவைக்கிற குடும்பத்தில், மூத்தவள் தன் கடமையைச் செய்யவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்த முறை அவர்கள் வரும்போது அவளுடைய தட்டை உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். யாராவது அவள் காதைப் பார்த்து ஏதாவது கேட்டால், பதிலை அவள் தலையில் கட்டாதீர்கள். "இவள் எங்கள் வீட்டுப் பெண், எங்களோடுதான் சாப்பிடுவாள்" என்று நீங்களே சொல்லுங்கள். அன்றைக்குப் பரிமாறுகிற வேலையை உங்கள் மகன் பார்க்கட்டும்.