அந்தாதி ஏன் தாவுகிறது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அபிராமி அந்தாதியில் 40 பாடல்கள் மனப்பாடம் செய்திருக்கிறாள். இடையில் நின்றால் அங்கிருந்து தொடர வரவில்லை, மறுபடி ‘உதிக்கின்ற’ என்றே தொடங்குகிறாள். சில நாள் 2ஆம் பாட்டிலிருந்து 8க்குத் தாவிவிடுகிறாள். என்ன செய்வது? — வாசகி, மயிலாடுதுறை

பதில்: தினமும் முதலிலிருந்தே சொல்லிப் பழகினால் இப்படித்தான் ஆகும். முதல் பத்து வாயில் ஊறிவிடும். 38ஆம் பாட்டு எப்போதாவதுதான் வாய்க்கு வரும். கிழமைக்கு ஒன்றாகத் தொடக்கத்தை மாற்றுங்கள்: திங்கள் 1, செவ்வாய் 11, புதன் 21, வியாழன் 31.

அந்தாதியில் ஒரு பாட்டு முடியும் சொல்லிலேயே அடுத்த பாட்டு தொடங்கும். தாவலுக்குக் காரணம் ‘சுந்தரி’ என்ற சொல். 2ஆம் பாட்டின் கடைசி அடியில் ‘திரிபுர சுந்தரி’ வருகிறது. 7 ‘சுந்தரியே’ என்று முடிய, 8 ‘சுந்தரி எந்தை துணைவி’ என்று எழுகிறது. அந்தச் சொல்லைத் தொட்டதும் வாய் 8க்கு ஓடிவிடுகிறது. ‘ஆவது அறிந்தனமே – அறிந்தேன் எவரும் அறியா மறையை’ என்று 2ஐயும் 3ஐயும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகட்டும்.

மற்ற மூட்டுகளுக்கும் இதே வழிதான். ஒரு பாட்டின் கடைசி அடி, அடுத்த பாட்டின் முதல் அடி, இவை மட்டும், மூன்று தடவை. பத்துப் பாடலுக்கு ஒன்பது மூட்டு. பத்து நிமிடம் போதும். துணையே–துணையும் போன்றவை தானே வரும். ‘பத்ததியே’ முடிந்து ‘ததியுறு மத்தின்’ தொடங்கும் 6–7 அப்படியல்ல: சொல்லின் வால் மட்டும் ‘ததி’ (தயிர்) என்று வேறு பொருளில் எழுகிறது. 9–10இல் ‘நிற்கவே’ என்பது ‘நின்றும்’ என்று உருமாறுகிறது. பிள்ளைகள் விழும் இடங்கள் இவை, இரட்டிப்பாகப் பழக்குங்கள்.

பாட்டுக்குள் அடி மாறினால் எதுகையை (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதை) பிடிக்கச் சொல்லுங்கள்: உதி, மதி, துதி, விதி. சொல் விழுந்ததாகச் சந்தேகமா? இது கட்டளைக் கலித்துறை, அடிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு உள்ள பாவகை. ஒற்று (புள்ளி வைத்த எழுத்து) நீக்கி எண்ணினால் நேரசையில் (ஒரே உயிர் அல்லது உயிர்மெய் கொண்ட அசை) தொடங்கும் அடியில் 16 எழுத்து, நிரையசையில் (‘உதி’ போல இரண்டு சேர்ந்தது) தொடங்குவதில் 17. ‘உதிக்கின்ற’ அடியை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 17 வரும்.

அவள் திணறும்போது அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து நொடி பொறுத்து, முந்தைய பாட்டின் கடைசிச் சொல்லை மட்டும் கொடுங்கள். அதிலிருந்து அவளே எடுக்க வேண்டும். கோவிலில் தனியாக நிற்கும்போது கைகொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

கேள்வி: 100 முடிந்ததும் ‘ஆத்தாளை’க்குப் போகாமல் திரும்ப முதல் பாட்டே வருகிறதே? — வாசகர், காரைக்குடி

பதில்: 100ஆம் பாட்டு ‘உதிக்கின்றவே’ என்று முடிந்து முதல் பாட்டைத் தொடும்படி மண்டலித்திருக்கிறது, அதாவது வட்டமாகச் சுற்றி வருகிறது. ‘ஆத்தாளை’ கடைசியில் வரும் நூற்பயன், ‘தாரமர் கொன்றையும்’ முதலில் வரும் காப்பு. இரண்டும் அந்தாதித் தொடருக்கு வெளியே நிற்பவை, சொல்லே இழுத்துக்கொண்டு போகாது. ‘உதிக்கின்றவே’ என்றதும் ஒரு மூச்சு நிறுத்தி ‘ஆத்தாளை’ எடுப்பதைத் தனி மூட்டாகவே பழகுங்கள்.