யாத்ரிகர் விடுதியில் தொண்டு: இராமேசுவரத்திலிருந்து சில பதில்கள்

இராமேசுவரத்தில் உள்ள ஒரு யாத்ரிகர் விடுதியில் பல ஆண்டுகளாக வருவோரை வரவேற்று உபசரிக்கும் தொண்டில் இருக்கிறேன். இந்தத் தொண்டுக்கு வர விரும்பும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பணி ஓய்வு பெற்றுவிட்டேன். இரண்டு வாரம் வந்து தொண்டு செய்ய எந்த மாதம் ஏற்றது?

பதில்: ஆடி, தை அமாவாசைகளிலும் மகாளய அமாவாசையிலும்தான் எங்களுக்கு ஆள் மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆனால் புதியவர் அன்றைக்கு வந்து இறங்கினால் அவருக்கு வேலை சொல்லிக் கொடுக்கவே ஒருவர் தேவைப்படுவார். எனவே ஒரு வாரம் முன்னதாகவே வந்து, எந்த அறைக்குத் தண்ணீர் மெதுவாக ஏறும், எந்தப் படிக்கட்டில் முதியவர்கள் தடுமாறுவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருவதானால் மழைக்கும் காற்றுக்கும் ஆயத்தமாக வாருங்கள்.

கேள்வி: ஒரு நாளில் செய்ய வேண்டிய வேலைகள் என்னென்ன?

பதில்: விடியற்காலை 5 மணியளவில் நடக்கும் ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போகிறவர்களை எழுப்புவதில் நாள் தொடங்குகிறது. அதன் பிறகு எங்கள் வேலையைப் பெரும்பாலும் ஈரத்துணிதான் நடத்துகிறது என்று சொல்வேன். யாத்ரிகர்கள் அக்னி தீர்த்தத்தில் கடலாடி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் நீர் வார்த்துக்கொண்டு வருகிறார்கள். ஈர உடையோடு சந்நிதிக்குச் செல்ல அனுமதி இல்லாததால், பலர் விடுதிக்கு ஓடிவந்து உடை மாற்றிக்கொண்டுதான் தரிசனத்துக்குப் போகிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் வாசலில் கோணி விரித்திருக்க வேண்டும், கால் கழுவக் குழாயடியில் ஒரு குவளை இருக்க வேண்டும், மொட்டை மாடியில் கொடி காலியாக இருக்க வேண்டும். குழாயடியில் கால் கழுவாமல் உள்ளே வந்தால் கடல்மணல் குளியலறைச் சாக்கடையை அடைத்துவிடும். மாலைக்குள் அதைத் தோண்டி எடுப்பது தொண்டரின் கைதான். வெளியே புறப்படும் ஒவ்வொருவரிடமும் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டு அனுப்புங்கள். இந்த ஒரு கேள்வி முதியவர்களுக்கு ஒரு நடையை மிச்சப்படுத்துகிறது.

கேள்வி: எனக்கு ஹிந்தி தெரியாது. வடநாட்டு யாத்ரிகர்களிடம் எப்படிப் பேசுவது?

பதில்: தண்ணீர், சாப்பாடு, அறை, நேரம், வலி ஆகியவற்றுக்கான சொற்களைக் கற்றுக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், நேரத்தைத் தாளில் எண்ணாக எழுதிக் காட்டுங்கள். மொழியைவிட அவர்கள் எதைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அறிந்திருப்பதே முக்கியம். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதும், சேதுவின் மணலை எடுத்துச் சென்று கங்கையில் சேர்ப்பதும் நெடுங்கால வழக்கம். ஒரு முறை வயதான தம்பதியர் இரவில் வந்தார்கள். அந்த அம்மையார் சிவப்புத் துணியால் வாய் கட்டிய சிறு செப்புச் சொம்பை இரு கைகளாலும் மார்போடு அணைத்திருந்தார். பதிவேட்டில் கையெழுத்திடச் சொன்னபோது சொம்பைக் கீழே வைக்க மனமில்லாமல் தவித்து நின்றார். உள்ளேயிருந்து ஒரு மணைப்பலகையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். சொம்பை அதில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அன்று முதல் வரவேற்பு மேசைக்கு அருகில் ஒரு மணைப்பலகை எப்போதும் இருக்கிறது.

கேள்வி: தர்ப்பணத்துக்கும் அஸ்தி கரைக்கவும் வருபவர்களிடம் என்ன பேச வேண்டும்?

பதில்: அவர்களாகச் சொல்லாத எதையும் கேட்காதீர்கள். தொடக்க காலத்தில், தனியாக வந்த ஒரு பெண்மணியிடம் துணைக்கு யாரும் வரவில்லையா அம்மா என்று அன்பாகத்தான் கேட்டேன். அவர் மடியிலிருந்த பையைத் தொட்டுக் காட்டினார். அதில் கணவரின் அஸ்தி இருந்தது. நான் கேட்டிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் தண்ணீர் கொடுத்து, அறையைக் காட்டி, எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருவேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

கேள்வி: ஏர்வாடி தர்கா பக்கம் இதுபோன்ற தொண்டு செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். மனநலம் குன்றிய உறவினரை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் அங்கே வருவதால் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கிருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. எந்த விடுதியில் தொண்டு செய்தாலும், ஆள் இருக்கும் அறையை வெளியிலிருந்து பூட்ட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். நிர்வாகமே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். படிக்கட்டில் மூட்டைகளை அடுக்கவும் விடாதீர்கள்.

கேள்வி: யாத்ரிகர்கள் அன்பளிப்பாகப் பணம் கொடுத்தால் வாங்கலாமா?

பதில்: உண்டியலைக் காட்டுங்கள். ஆட்டோக்காரரிடமோ வழிகாட்டியிடமோ கமிஷன் வாங்குபவர் தொண்டர் அல்லர்; அத்தகையவரோடு நான் சேர்ந்து வேலை செய்ய மாட்டேன். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குச் செல்ல அரசுப் பேருந்து உண்டு என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மற்ற வண்டிகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: அடையாள அட்டை விஷயத்தில் கண்டிப்பு வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தை அனுப்ப வேண்டும். அதை மேலாளர் கையில் ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: வரும்போது என்ன எடுத்து வர வேண்டும்?

பதில்: டார்ச் விளக்கு, சீக்கிரம் காயும் இரண்டு பருத்தித் துண்டுகள், ரப்பர் செருப்பு ஆகியவை போதும். கூடவே ஒரு சிறு புட்டியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவாருங்கள். உப்புக்காற்றில் பூட்டுகள் இறுகிவிடும். நள்ளிரவில் வந்த ஒரு குடும்பத்தைச் சாவியோடு வாசலிலேயே நிற்க வைக்காமலிருக்க, வாரம் ஒருமுறை ஒவ்வொரு பூட்டிலும் இரண்டு சொட்டு விடுவது இங்கே வழக்கம்.